காலில் தொடங்கும் இசை: ஸ்காட்லாந்து மரபிசைக் கச்சேரிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

கிளாஸ்கோவில் நான் முதன்முதலாகக் கேட்ட கச்சேரியில் பக்கத்து இருக்கையில் ஒரு மூதாட்டி இருந்தார். முதல் இரண்டு பாட்டுகளுக்கும் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாக ஃபிடிலும் அக்கார்டியனும் சேர்ந்து எடுத்ததும் அவருடைய வலது கால் தரையைத் தட்டத் தொடங்கியது. சற்று நேரத்தில் எங்கள் வரிசையின் பலகைத் தளம் முழுக்க அதிர்ந்தது. நான் மெட்டை எட்டிப்பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எல்லோரும் நடையை எப்போதோ பிடித்திருந்தார்கள்.

ஸ்காட்லாந்தின் மரபிசையில் பெரும்பகுதி ஆடுவதற்காகப் பிறந்தது. மேடையில் உட்கார்ந்து வாசிக்கும்போதும் அந்த மெட்டுக்குள் ஓர் ஆட்டம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அது எந்த ஆட்டம் என்று உங்கள் காலுக்குத் தெரிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும். அதனால் இந்த வழிகாட்டியும் காலிலிருந்தே தொடங்குகிறது.

எதற்குப் போவது என்று முதலில் தீர்மானியுங்கள்

சுவரொட்டியில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். கச்சேரி என்று போட்டிருந்தால் உட்கார்ந்து கேட்பது. 'கேய்லி' என்று இருந்தால் நீங்களும் ஆட வேண்டியிருக்கும். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பேசியிருந்து வருவது என்று பொருள். பாட்டும் கதையும் ஆட்டமும் அப்படிப்பட்ட மாலைகளில்தான் வளர்ந்தன. 'செஷன்' என்றால் மேடையே கிடையாது. மதுக்கடையின் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி வாத்தியக்காரர்கள் தங்களுக்காக வாசித்துக்கொள்வார்கள், நாம் பக்கத்தில் நின்று கேட்கலாம். எடின்பரோவில் ஃபாரஸ்ட் சாலையிலுள்ள சாண்டி பெல்ஸ் இதற்குப் பெயர் பெற்ற இடம்.

குளிரைத் தாங்க முடியுமென்றால் ஜனவரியில் கிளாஸ்கோவுக்குப் போங்கள். 1994இல் தொடங்கிய செல்டிக் கனெக்‌ஷன்ஸ் விழா அந்த மாதத்தில் இரண்டு வாரங்களுக்கும் மேலாக நகரத்தின் பல அரங்குகளில் நடக்கிறது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25ஐ ஒட்டி நாடு முழுக்க விருந்தும் பாட்டும் இருக்கும், அதுவும் சேர்ந்துகொள்ளும். கோடையில் போகிறவர்களுக்குத் திறந்தவெளி விளையாட்டு விழாக்கள் இருக்கின்றன. ஆகஸ்ட் கடைசியில் டனூனில் நடக்கும் கோவல் விழாவில் ஹைலேண்ட், அதாவது மலைநாட்டு, நடனத்தின் உலகப் போட்டியைப் பார்க்கலாம். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமரில் இதேபோன்ற விழா. கேலிக் பாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு அக்டோபரில் மோட் விழா. 1892இல் ஓபனில் தொடங்கிய இந்த விழா இப்போது ஆண்டுக்கு ஓர் ஊராக இடம் மாறி நடக்கிறது.

எடின்பரோ கோட்டை முன்றிலில் 1950 முதல் ஆகஸ்ட் தோறும் நடக்கும், 'டாட்டூ' எனப்படும் ராணுவ இசை அணிவகுப்பைத்தான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். பிரமாண்டமான காட்சி, மறுக்க மாட்டேன். ஆனால் பைப் எனப்படும், காற்றுப்பை பொருத்திய ஊதுகுழல்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக ஒலிக்கும்போது ஒரு விரலின் வேலை காதில் விழாது. முதல் முறைக்கு, நானூறு ஐந்நூறு பேர் கொள்ளும் அரங்கில், ஃபிடில், பைப், ஒரு பாடகி, முடிந்தால் ஓர் ஆட்டக்காரரும் இருக்கிற நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டிலேயே நான்கு நடைகளைப் பழகுங்கள்

போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். எந்தப் பாட்டுத் தளத்திலும் பெயரைப் போட்டுத் தேடினால் ஒவ்வொரு வகைக்கும் மாதிரி கிடைக்கும்.

ரீல் என்பது வேகமான சதுஸ்ரம். 'தகதிமி தகதிமி' என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு 'த'வுக்கும் காலைத் தட்டுங்கள். எண்ணெய் போட்ட சக்கரம்போல மேடு பள்ளமில்லாமல் ஓடும்.

ஜிக் திஸ்ரத்தில் போகும்: 'தகிட தகிட', இரண்டு தட்டு. ரீலிலிருந்து ஜிக்குக்கு மாறும்போது உடம்பில் ஒரு துள்ளல் வந்துவிடும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மூன்றாவதுதான் ஸ்காட்லாந்தின் தனிச்சொத்து: ஸ்ட்ராத்ஸ்பே. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரால் அழைக்கப்படும் இது ரீலைவிட நிதானமான நான்கடி. இதன் அடையாளம், குட்டையான ஒரு சுரம் முதலில் விழுந்து உடனே நீளமான சுரம் வந்து நிற்பது. 'தக்-காஅ' என்று சொல்லிப் பாருங்கள். அந்த வெட்டு விழும் இடத்தில் வில் கம்பியைக் கவ்வுவது கண்ணுக்கே தெரியும். பக்கத்து நாடான அயர்லாந்தின் இசையில் இந்த வகைக்கு இவ்வளவு பெரிய இடமில்லை. நானும் பல மாதங்கள் ஸ்ட்ராத்ஸ்பேயைக் கேட்டுக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். வெட்டு பிடிபட்ட பிறகு அதற்காகவே கச்சேரிக்குப் போகிறேன்.

நான்காவது மார்ச், நடந்து பார்த்தால் புரிந்துவிடும். பைப் வாசிப்பவர்கள் மார்ச், ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் மூன்றையும் அந்த வரிசையிலேயே கோத்து வாசிப்பார்கள். நடை, நிதானம், ஓட்டம் என்று வேகம் ஏறும்.

வீணையோ வயலினோ கற்ற வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நொட்டுஸ்வரங்கள் நினைவிருக்கும். மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சாகித்யம் அமைத்த அந்தத் தொகுப்பில் ஸ்காட்லாந்து ரீல் மெட்டும் இருக்கிறது. அவற்றை வாசித்த விரல்கள் இந்த இசைக்கு முற்றிலும் புதியவை அல்ல. இன்னொன்று: இங்குள்ள மெட்டுகள் பலவும் ஐந்து சுரங்களில் அமைந்தவை. மோகனம் தெரிந்த காதுக்கு அவை வெகு சீக்கிரம் பிடிபடும்.

அரங்குக்குள்: ஒரு 'செட்' எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள்

உடை உங்கள் விருப்பம். கில்ட் என்னும் ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டியவர்களும் ஜீன்ஸ் போட்டவர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். முன்வரிசையைவிட நடுவில், மேடையிலிருப்பவர்களின் கால் தெரிகிற இடத்தில் உட்காருங்கள்.

புதியவர்களுக்கு எல்லா மெட்டும் ஒன்றுபோலக் கேட்பதற்குக் காரணம், ஒரே மூச்சில் மூன்று நான்கு மெட்டுகளை நிறுத்தாமல் வாசிப்பதுதான். இதைத்தான் செட் என்கிறார்கள். ஒவ்வொரு மெட்டுக்கும் பெரும்பாலும் இரண்டு பகுதிகள். முதல் பகுதி கீழே சுற்றும், இரண்டாவது மேலே ஏறும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் ஒரு சுற்று. இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்று போனதும், இடைவெளியே இல்லாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள்.

அந்தத் தாவலில்தான் இந்த இசையின் பாதி இன்பம் இருக்கிறது. சுற்றுகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். மூன்றாவது சுற்று முடியப் போகும்போது ஃபிடில்காரர் தலையை நிமிர்த்தி மற்றவர்களைப் பார்ப்பார், அல்லது ஒரு காலைத் தூக்குவார். அதுதான் சைகை. அடுத்த அடியில் மெட்டு மாறும், பல நேரம் ஆதாரச் சுரமும் மாறும், ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல இருக்கும். கூட்டத்திலிருந்து 'ஹ்யூக்!' என்று ஒரு கூவல் எழுவதும் அப்போதுதான். நீங்களும் தாராளமாகக் கூவலாம்.

ஃபிடில் என்பது வேறு வாத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், வயலின்தான். வில்லைப் பிடிக்கும் விதத்திலும் அழுத்தத்திலும்தான் வேறுபாடு. இந்த மரபில் மூன்று பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் மேடை அறிவிப்புகள் விளங்கும். பெர்த்ஷயரின் இன்வர் கிராமத்து நீல் கௌ (1727–1807). அவர் தன் இரண்டாவது மனைவி இறந்தபோது அமைத்த புலம்பல் இன்றும் மேடைகளில் கேட்கிறது. 'ஸ்ட்ராத்ஸ்பே அரசர்' என்று கொண்டாடப்பட்ட ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927). வடக்கே ஷெட்லாந்து தீவுகளிலிருந்து வந்த அலி பெய்ன். ஷெட்லாந்து 1469 வரை நார்வேயின் வசம் இருந்த தீவுக்கூட்டம். அந்த ஊர் வாசிப்பில் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து ரீங்கரிப்பதைக் கவனியுங்கள், அதில் கடலுக்கு அப்பாலுள்ள சாயல் இருக்கிறது.

வேகமான செட் ஒன்றுக்குப் பிறகு 'ஸ்லோ ஏர்' வரும். தாளக்கட்டில்லாத, பாட்டைப்போல இழுத்து வாசிக்கிற மெட்டு. அப்போது மட்டும் காலை அசைக்காதீர்கள், கை தட்டாதீர்கள். கடைசிச் சுரம் முழுதாக அடங்கும் வரை அரங்கம் காத்திருக்கும், நீங்களும் காத்திருங்கள்.

பைப்புக்குக் காதைத் தயார்செய்யுங்கள்

ஹைலேண்ட் பைப் முதல் முறை கேட்பவரைத் திடுக்கிடவைக்கும். மலைவெளிக்கும் போர்க்களத்துக்கும் வளர்ந்த குரல் அது. கூச்சம் பார்க்காமல் காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சுருண்டை ஒரு ஜோடி சட்டைப்பையில் இருக்கட்டும், குழந்தைகளைக் கூட்டிப் போனால் கட்டாயம்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மதிப்பு கூடும். கக்கத்திலுள்ள பை காற்றைச் சேமித்து வைத்துக்கொள்வதால் ஒலி ஒரு கணமும் அறுவதில்லை. தோளில் நிற்கும் மூன்று குழல்கள் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு நடு ஸ்தாயி, நீளமான மூன்றாவது அதற்கும் கீழே. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதை நினைத்துக்கொள்ளுங்கள், இங்கே வாசிப்பவரே ஒத்தும் ஊதுகிறார். கீழே விரல் ஓடும் குழலில் மொத்தம் ஒன்பது சுரங்கள்தான். ஒத்திலிருந்து மேலே எண்ணினால் அரிகாம்போதியின் சுரங்கள் வரும்.

இந்த வாத்தியத்தில் ஒலியை நடுவில் நிறுத்தவும் முடியாது, சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அப்படியானால் ஒரே சுரத்தை இரண்டு முறை வாசித்தால் இரண்டு என்று எப்படித் தெரியும்? நடுவில் மின்னல் வேகத்தில் ஒரு குட்டிச் சுரத்தைத் தெறிக்கவிட்டு வெட்டுவார்கள். அழுத்தம், தாளம், உணர்ச்சி எல்லாமே அந்தத் தெறிப்புகளிலிருந்துதான். பைப்காரரின் முகத்தை விட்டுவிட்டு விரல்களைப் பாருங்கள்.

மேடைக்கு வந்ததும் அவர் சில நிமிடங்கள் சுருதி சேர்ப்பார். கையை உயர்த்தி ஒத்துக் குழல்களை ஏற்றி இறக்கிக்கொண்டே துண்டு துண்டாக வாசிப்பார். உருப்படி தொடங்கிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். மூன்று ஒத்துகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் கணத்தைக் காதால் தேடுங்கள். அலையடிப்பு நின்று ஒலி திடமாகும். அதைக் கேட்பதே ஒரு பயிற்சி.

ஆட்ட மெட்டுகளைச் 'சிறிய இசை' என்றும், 'பீப்ராக்' எனப்படும் நீண்ட வடிவத்தைப் 'பெரிய இசை' என்றும் கேலிக் மொழியில் பிரிக்கிறார்கள். பீப்ராக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குக் குறையாது, இருபதைத் தொடவும் செய்யும். முதலில் மெட்டின் ஆதார வடிவம் மிக மெதுவாக வரும். அதற்கு 'ஊர்லார்' என்று பெயர், தரை என்று பொருள். பிறகு அந்தத் தரையின் மேல் ஒவ்வொரு சுற்றிலும் அலங்காரங்கள் அடர்ந்துகொண்டே போகும். உச்சத்துக்குப் போனபின், எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் அதே தரை. முதல் ஊர்லாரை மனத்தில் பதித்துக்கொள்வதுதான் உங்கள் வேலை, கடைசியில் அது திரும்பும்போது நெஞ்சை அடைக்கும். ஸ்கை தீவின் மக்கிரிம்மன் குடும்பம் தலைமுறைகளாகக் காத்த இந்த இசையை எழுதிவைக்காமல், 'கான்டரெக்' என்னும் சொற்கட்டுகளை வாயால் பாடியே சீடர்களுக்குக் கொடுத்தார்கள்.

உரத்த பைப் தாங்காது என்பவர்களுக்கு 'ஸ்மால் பைப்ஸ்' இருக்கிறது. வாயால் ஊதாமல் முழங்கைக்கடியிலுள்ள துருத்தியால் காற்று கொடுப்பது. மென்மையானது, ஃபிடிலோடும் பாட்டோடும் நன்றாகச் சேரும். கிளாஸ்கோவில் இருந்தால் 1996இல் திறந்த தேசிய பைப்பிங் மையத்தின் அருங்காட்சியகத்தில் இவற்றையெல்லாம் அருகிலிருந்து பார்க்கலாம்.

பாட்டுக்கு மொழி தெரிய வேண்டுமா?

வேண்டாம். ஆனால் இரண்டு மொழிகள் இருக்கின்றன என்பதை அறிந்திருங்கள். தாழ்நிலப் பகுதியின் ஸ்காட்ஸ் ஆங்கிலத்துக்கு உறவு. மேற்குத் தீவுகளின் கேலிக் வேறு கிளை, செல்டிக் மொழி.

ஸ்காட்ஸ் பாட்டுகளில் கதைப்பாடல்கள் முக்கியம். வாத்தியமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் பாடுவார். கொலை, காதல், கடலில் போனவர்கள். பாடுவதற்கு முன் அந்தப் பாட்டை யாரிடமிருந்து கற்றேன் என்று சொல்வது வழக்கம், அதைத் தவறவிடாதீர்கள். 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ் பள்ளியின் ஆட்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போனார்கள். அவர்களில் ஒருவரான ஹேமிஷ் ஹெண்டர்சன் அபர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற பெண்மணியைக் கண்டபோது பெரிய புதையல் ஒன்று வெளிவந்தது. இன்று மேடையில் பாடுகிறவர்களின் பாட்டுவழியில் அந்தப் பெயர்கள் அடிக்கடி வரும்.

கேலிக் பாட்டில் எனக்குப் பிடித்தது துணி அடிக்கும் பாட்டு. முன்காலத்தில் நெய்த கம்பளித் துணியை நனைத்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் இறுகும்வரை அடிப்பார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் 'ஹோ ரோ', 'ஹீ ரீ' என்று பொருளில்லாத அசைகளால் பதில் சொல்வார்கள். அந்த அசைகளைப் பாட கேலிக் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடகி கையை நீட்டினால் கூடப் பாடுங்கள். வாத்தியம் இல்லாத இடத்தில் ஆடுவதற்கு வாயாலேயே ரீல் பாடும் வகையும் உண்டு, நாக்கு சுழலும் வேகம் வியக்கவைக்கும். நார்த் யூயிஸ்ட் தீவிலிருந்து வந்த ஜூலி ஃபௌலிஸின் ஒலிப்பதிவுகளில் இரண்டையும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போகலாம்.

ஆட்டக்காரர் மேடையேறும்போது எங்கே பார்ப்பது

ஹைலேண்ட் ஆட்டத்தில் பாதம் ஓசை எழுப்பாது. மெல்லிய தோல் காலணியில், குதிகால் தரையில் படாமல், முன்பாதத்தில் மட்டுமே இறங்குவார்கள். பைப்பின் முன்னிசைக்குத் தலைவணங்கித் தொடங்கி, முடிவிலும் தலைவணங்கி முடிப்பார்கள்.

'ஹைலேண்ட் ஃப்ளிங்' முழுவதும் நின்ற இடத்திலேயே ஆடப்படுவது. ஆட்டக்காரர் தொடங்கிய புள்ளியை மனத்தில் குறித்துக்கொண்டு, முடியும்போதும் அங்கேயே இருக்கிறாரா என்று பாருங்கள். வாள் ஆட்டத்தில் இரண்டு வாள்கள் தரையில் குறுக்காகக் கிடக்கும். முதலில் வெளியே சுற்றுவார், பிறகு அவற்றின் நடுவில் தாவுவார். நடுவில் ஒரு கைதட்டல் கேட்கும். அது பைப்காரருக்கு வேகத்தைக் கூட்டச் சொல்லும் குறி, நீங்கள் சேர்ந்து தட்டுவதற்கான அழைப்பு அல்ல. போட்டியில் வாள் காலில் பட்டால் மதிப்பெண் போய்விடும்.

இதற்கு நேரெதிரானது ஸ்டெப் ஆட்டம். உடம்பு தளர்ந்து நிற்க, கடினக் காலணி தரைக்கு மிக அருகில் ஓடித் தாளத்தைத் தட்டும். கனடாவின் கேப் பிரெட்டனுக்குக் குடியேறிய ஸ்காட்டியர்கள் அங்கே காத்துவைத்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தாய்மண்ணுக்குத் திரும்பிவந்தது. ஃபிடிலும் காலும் ஒன்றையொன்று துரத்துவதைக் கண்ணை மூடிக்கொண்டும் ரசிக்கலாம்.

செஷனுக்குப் போனால்

வட்டத்துக்குள் காலியாக இருக்கும் நாற்காலி உங்களுக்கல்ல, தாமதமாக வரும் வாத்தியக்காரருக்கு. யாராவது பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்துங்கள். படம்பிடிக்க ஆசைப்பட்டால் ஒரு செட் முடிந்ததும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாத்தியம் கைவசம் இருந்து சேர்ந்து வாசிக்க விரும்பினால், முதலில் அரைமணி நேரம் கேட்டு, கூப்பிட்ட பிறகு உட்காருங்கள். மிருதங்கமோ கஞ்சிராவோ கொண்டுபோகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பின்பற்ற வேண்டும், இந்த மெட்டுகள் தாள வாத்தியம் இல்லாமலேயே தாளத்தைச் சுமப்பவை.

கடைசியாக, தளத்தில் இறங்குங்கள்

இதைத் தள்ளிப்போட வேண்டாம். கச்சேரி கேட்ட வாரத்திலேயே ஒரு கேய்லிக்குப் போங்கள். தட்டையான, வழுக்காத காலணி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். துணை இல்லாமல் தனியாகப் போனாலும் யாராவது ஆடக் கூப்பிடுவார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் 'காலர்' ஒருவர் அடிகளை நடந்து காட்டுவார்.

முதல் ஆட்டமாகப் பெரும்பாலும் 'கே கார்டன்ஸ்' வரும். ஜோடியாகக் கைகோத்து நான்கடி முன்னே நடந்து, திரும்பிக்கொண்டு நான்கடி பின்னே நடப்பது. அது கைவந்துவிட்டால் 'டாஷிங் ஒயிட் சார்ஜன்ட்'. மூன்று பேர் மூன்று பேரை எதிர்கொண்டு வட்டமாகச் சுற்றி, எட்டு வடிவத்தில் பின்னி, முடிவில் கடந்துபோய் அடுத்த மூவரைச் சந்திப்பார்கள். முன்பின் தெரியாத ஒரு மண்டபத்திலுள்ள எல்லா முகங்களையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். 'ஸ்ட்ரிப் த வில்லோ' வந்தால் பிடியை உறுதியாக வையுங்கள். இரண்டு நீண்ட வரிசைகளுக்கு நடுவே ஒவ்வொருவராகக் கைமாற்றிச் சுழற்றிக்கொண்டே போவார்கள், தலை சுற்றினால் ஓர் இடத்தை உற்றுப் பாருங்கள். அடி தவறினால் நின்றுவிடாமல், எல்லோரும் போகிற திசையில் நகருங்கள்.

அங்கே ரீலும் ஜிக்கும் ஒலிக்கும்போது, வாரம் முழுக்க வீட்டில் தட்டிய 'தகதிமி'யும் 'தகிட'வும் காலுக்கடியில் இருக்கும்.

இரவு முடிவில் எல்லோரும் பெரிய வட்டமாக நின்று 'ஓல்ட் லாங் சைன்' பாடுவார்கள். பர்ன்ஸ் பெயரோடு சேர்ந்த பாட்டு, ஐந்து சுர மெட்டு, ஒரு தடவை கேட்டாலே பாட வரும். தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்கே போட்டுவிடுவது எல்லாப் புதியவர்களும் செய்வது. முதலில் பக்கத்தில் இருப்பவர்களின் கையைச் சாதாரணமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான தோழனே, இதோ என் கை என்று வரும் கடைசிச் சரணத்தில்தான் வலது கையை இடப்பக்கத்தவருக்கும் இடது கையை வலப்பக்கத்தவருக்கும் கொடுக்க வேண்டும்.